பாஸ்வேர்ட்களைப் பூட்டி வைக்க ஒரு பெட்டகம்

மின் கட்டணம், ரயில் டிக்கெட், காஸ் முன்பதிவு, பேங்க், மெயில் என எதைத் தொட்டாலும் ஒரு பாஸ்வேர்ட் கேட்கிறது. நாம் என்ன செய்கிறோம்? ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் தந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். சாப்ட்வேர் துறையில் வேலை பார்க்கும் நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன்.

2009ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்ட்கள் திருடு போயின. அவை எந்த என்கிரிப்ஷனும் இன்றி அப்படியே சேமிக்கப்பட்டிருந்தன. இப்படி ஒரு தளத்தில் சிக்கும் பாஸ்வேர்டை மற்ற தளங்களிலும் போட்டுப் பார்ப்பதற்கென்றே புரோகிராம்கள் இருக்கின்றன. எனவே ஒவ்வொரு தளத்திற்கும் தனி பாஸ்வேர்ட் வேண்டும். அத்தனையையும் மனதில் வைக்க முடியாது என்பதால்தான் பாஸ்வேர்ட் மேனேஜர். இது எல்லாவற்றையும் என்கிரிப்ட் செய்து வைத்து, ஒரே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டில் திறக்கும்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் இரண்டைச் சொல்வேன். கீபாஸ் 2003லிருந்து வருகிறது. உங்கள் பாஸ்வேர்ட்கள் உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு பைலாக இருக்கும். ஹார்ட் டிஸ்க் போனால் அதுவும் போய்விடும் என்பதால், பென் டிரைவில் ஒரு காப்பி அவசியம். பிட்வார்டன் தன் சர்வரில் வைத்து, போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே பட்டியலைக் காட்டும். வீட்டில் போனையே அதிகம் பயன்படுத்துபவர்களுக்கு இதுதான் வசதி.

சர்வரில் வைப்பது பாதுகாப்பா? 2022ல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் பெட்டகக் காப்பிகள் திருடப்பட்டன. பாஸ்வேர்ட்கள் என்கிரிப்ட் ஆகியிருந்தன. தளங்களின் முகவரிகள் ஆகவில்லை. திருடியவர் அந்தக் காப்பியை வைத்துக் கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் மாஸ்டர் பாஸ்வேர்டை யூகித்துப் பார்க்கலாம். அதாவது, பிறந்த தேதியை மாஸ்டர் பாஸ்வேர்டாக வைத்தவர் மாட்டிக் கொள்வார்.

இதைப் படித்து பயந்துபோய் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். கீபாஸை இன்ஸ்டால் செய்து, எழுத்தும் எண்ணும் குறியீடுமாக 20 கேரக்டர்களில் மாஸ்டர் பாஸ்வேர்ட் அமைத்தேன். நான்கு நாட்கள் விரல்கள் தானாக டைப் செய்தன. பொங்கலுக்கு ஊருக்குப் போய் பத்து நாள் கழித்து வந்தால், ஏழாவது கேரக்டருக்கு மேல் நினைவில்லை. கீபாஸில் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?" என்ற லிங்க் கிடையாது. இருக்கவும் கூடாது, நமக்குத் திறக்கும் பின்வாசல் திருடனுக்கும் திறக்கும். மெயில் பாஸ்வேர்டும் அதே பெட்டகத்துக்குள்! நல்ல வேளையாக போனில் மெயில் லாக் இன் ஆகியே இருந்தது. அதன் வழியாக ஒவ்வொரு தளத்திலும் புதிய பாஸ்வேர்ட் பெற இரண்டு மாலைகள் ஆயின. கல்லூரிக் கால போட்டோக்கள் இருந்த ஒரு தளம் மட்டும் திறக்கவே இல்லை. அதற்குத் தந்திருந்த கல்லூரி மெயில் முகவரி எப்போதோ மூடப்பட்டிருந்தது.

இப்போது என் மாஸ்டர் பாஸ்வேர்ட், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆறு சொற்கள். முருங்கை, லாரி, புதன், சங்கு என்பது போல ஆங்கில எழுத்துக்களில் டைப் செய்யலாம். இதையே வைத்துவிடாதீர்கள்! பாட்டு வரி, பழமொழி எதுவும் வேண்டாம். சொற்களை நாமே யோசித்தால் பிடித்ததுதான் வரும். ஒரு பட்டியலை எண்ணிட்டு தாயக்கட்டை உருட்டித் தேர்ந்தெடுப்பது நல்லது. மெயில் பாஸ்வேர்டையும் தனியாக மனப்பாடம் செய்து கொள்ளுங்கள்.

இன்னொரு பயன் பலருக்குத் தெரியாது. பிரவுசரில் பிட்வார்டன் எக்ஸ்டென்ஷன், சேமித்த முகவரி பொருந்தினால்தான் பாஸ்வேர்டை நிரப்பத் தரும். பேங்க் தளம் போலவே தோன்றும் போலித் தளத்தில் அது சும்மா இருக்கும். அப்போது நீங்களே காப்பி செய்து ஒட்டாமல், முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

எல்லா கணக்கையும் ஒரே நாளில் மாற்ற உட்காராதீர்கள், அலுத்துவிடும். முதலில் மெயில், பிறகு பேங்க். மற்றவற்றை லாக் இன் செய்யும்போது ஒவ்வொன்றாக மாற்றலாம். மாஸ்டர் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் கவரில் போட்டு வையுங்கள். என் தாள் பீரோவில் இருக்கிறது. எந்தத் தட்டு என்பது அம்மாவுக்கும் தெரியும்.