நற்றாயும் மகனும்: ‘அம்மா வந்தாள்’ புதினத்தில் கடனும் வேட்கையும்

குடும்பம் ஒரு வழி நிற்க, இளையோர் உள்ளம் வேறொரு வழிச் செல்லுதல் தமிழிலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. களவொழுக்கம் பெற்றோர் அறியாமல் நிகழ்வது. உரிய காலத்தில் அறத்தொடு நிற்றலால் வெளிப்படுவது. தமர் ஏலாதபோது உடன்போக்காய் முடிவது. இம்மரபினைக் கற்றவர்கள், இக்காலப் புதினங்களில் வரும் இளைஞரின் மனப்போரை ‘மரபும் புதுமையும் மோதுகின்றன’ என்னும் ஒரே வாய்பாட்டால் அளந்துவிடுதல் போதாது. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) இவ்வாய்பாட்டிற்கு அடங்காத ஒரு புதினம். அஃது எவ்வாறு அடங்காது நிற்கிறது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தஞ்சை மாவட்டத்தில் 1921இல் பிறந்த ஜானகிராமன், சென்னை வானொலி நிலையத்தில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். காவிரிக் கரையிலிருந்து பெயர்ந்து மயிலாப்பூர், திருவல்லிக்கேணி முதலிய பகுதிகளில் குடியேறிய குடும்பங்களின் வாழ்வை அவர் அருகிருந்து கண்டவர். அவர் புதினங்களில் ஆறும் நகரமும் மாறிமாறி வருதல் இதனாலேயாம்.

அப்பு, சிறுவனாய் இருந்தபோதே காவிரிக் கரையில் பவானியம்மாள் நடத்தும் வேதபாடசாலையில் விடப்பட்டவன். பதினாறு ஆண்டுகள் அங்கே ஓதித் தேர்ந்தவன். தன் மக்களுள் ஒருவன் வேதவித்தாக வேண்டும் என்பது தாய் அலங்காரத்தம்மாளின் விருப்பம். கல்வி முடிந்து சென்னைக்குப் புறப்படும் வேளையில், இளமையிலேயே கணவனை இழந்த இந்து தன் காதலை அவனுக்குப் புலப்படுத்துகிறாள். அவளைத் தாய்போல் கருதுவதாகக் கூறி அவன் விலகுகிறான். அப்போதுதான் அவன் தாய்க்கும் பிறனொருவனுக்கும் உள்ள தொடர்பை இந்து வெளியிடுகிறாள். சென்னை இல்லத்தில், சிவசு என்பவனின் வருகையையும் தந்தை தண்டபாணியின் மௌனத்தையும் கண்டு அவ்வுண்மையை அப்பு தானே உணர்கிறான். மீண்டும் பாடசாலைக்கே திரும்புகிறான்.

இங்கு ‘மோக முள்’ளை ஒப்புநோக்குதல் பயன் தரும். சுதேசமித்திரன் வார இதழில் தொடராக வந்து பின்னர் நூலான அப்புதினத்தில், பாபுவின் இசை நாட்டத்தைத் தந்தை வைத்தியே வளர்க்கிறார். பெற்றோர் விருப்பமும் மகன் விருப்பமும் அங்கே பெரும்பாலும் ஒன்றே. போராட்டம் யமுனைபால் கொண்ட வேட்கைக்கும் இசைக்கும் இடையே, பாபுவின் உள்ளத்தினுள்ளேயே நிகழ்கிறது. எனவே அவன் எதனோடு போராடுகிறான் என்பதை அவன் அறிவான். அப்புவுக்கு அந்தத் தெளிவு இல்லை.

ஏனெனில், அவனிடம் கடமையை எதிர்பார்த்தவளும் தன் வேட்கையின் வழி நடந்தவளும் ஒருத்தியே. தாயின் எதிர்பார்ப்பு அவள் வேட்கைக்கு மாறானதன்று; அதிலிருந்தே பிறந்தது. தன் பிழைக்குக் கழுவாயாகவே மகனை அவள் வேதத்திற்கு ஒப்புவித்திருந்தாள் என்பது இறுதியில் வெளிப்படுகிறது. ஆகவே அப்பு பெற்றது குடும்பத்தின் மரபன்று, தாயின் கடன். அவன் கற்ற கல்வியும் காத்த ஒழுக்கமும் பிறர் கணக்கில் வரவு வைக்கப்பட்டவை. ஒரு கட்டளையை எதிர்க்கலாம்; அன்பினாலும் அச்சத்தினாலும் தன்மேல் ஏற்றப்பட்ட கடனை எவ்வாறு எதிர்ப்பது? வீட்டிலும் ஒட்டாது, ஓதியதிலும் முற்றத் தோயாது அவன் நிற்பதற்குக் காரணம் இதுவே. அவனைக் கோழை என்பார் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அகமரபின் துறைகள் இங்குத் தலைகீழாய் நிற்றலும் நோக்கத்தக்கது. அறத்தொடு நிற்றலில், மகளின் காதல் தோழி, செவிலி வாயிலாக நற்றாயைச் சென்று சேரும். இங்கோ தாயின் மறைவொழுக்கம் காதலியின் வாயிலாக மகனை வந்தடைகிறது. உடன்போக்கில் இளையோர் பிறந்த மனையை நீங்கி அறியாத சுரம் நோக்கிச் செல்வர். அப்பு பிறந்த மனையை நீங்கிச் செல்வது தன்னைத் தாய் அனுப்பிய இடத்திற்கே. ஆயினும் செலவின் பொருள் மாறிவிட்டது: முன்னர்ப் பிறர் விடச் சென்றவன், இப்போது தானே தேர்ந்து செல்கிறான். நகரம் விடுதலை தரும், சிற்றூர் தளையிடும் என்னும் பொதுக்கருத்து இங்கே பொருந்தாமற் போகிறது.

மகளைத் தேடிச் சுரத்திடைச் செல்பவள் செவிலி. பாலைக்கலியில் அவளை எதிர்ப்படும் சான்றோர், சந்தனமும் முத்தும் யாழிசையும் தாம் பிறந்த இடத்திற்குப் பயன்படுவதில்லை எனக் காட்டி அவளைத் தேற்றுவர். இப்புதினத்தில் வளர்த்த பவானியம்மாள் மகனருகே இருக்கிறாள். பெற்றவளே தேடி வருகிறாள். மகனும் அம்மாவின் பிள்ளையாகவே இருப்பதைக் கண்டு, கழுவாய் தேடிக் காசிக்குச் செல்கிறாள். தேற்றுவார் அவளுக்கு ஒருவரும் இலர்.

1972இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு ‘அப்புவின் தாயின் பாவங்கள்’ என்று பொருள்படும் தலைப்பினைத் தாங்கிற்று. அது தீர்ப்பினை முன்வைக்கும் தலைப்பு. ஆசிரியர் இட்ட பெயரோ ஒரு வருகையை மட்டுமே சொல்கிறது. புதினம் வெளிவந்த காலத்தில் எழுந்த கண்டனங்களும் தாயின் ஒழுக்கத்தையே பற்றி நின்றன. ஆயின் கதையின் முடிவில் வருபவள் குற்றவாளி மட்டுமல்லள். கொடுத்த கடன் திரும்பாது என்று அறிந்து, அதனைத் தானே சுமந்து செல்லும் தாயுமாவாள். அவள் அங்ஙனம் செல்வதனாலேயே அப்புவின் வாழ்வு முதன்முறையாக அவனுடையதாகிறது. அவ்விடுதலைக்கு விலையாய் அமைவது தாயின் பிரிவு. இளையோரின் உரிமையைப் போற்றும் புதினங்களை ஆராய்வார், அவ்வுரிமையின் விலையைக் கொடுத்தவர் யார் என்பதையும் வினவுதல் வேண்டும்.