பாசிர் கூடாங்கின் நோய்களும் காப்புறுதிப் பதிவுகளும்

ஒரு வட்டாரத்தின் நோய்நிலையை அறிய விழையும் ஆய்வாளர், தனியார் காப்புறுதி நிறுவனங்களின் மருத்துவக் கோரிக்கைப் பதிவுகளை நாடுவது இயல்பே. நோய், சிகிச்சை, கட்டணம் மூன்றும் அங்கு ஒருங்கே உள்ளன. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் காப்புக்குரியதாக வகுத்திருப்பதால், பெயர் நீக்கிய தொகுப்பையே கோரலாம். பாசிர் கூடாங்கின் 81700 என்னும் அஞ்சல் குறியீட்டின்படி பகுத்துக் கேட்பது தகும்.

கிடைத்தாலும் அது முழு ஊரையும் காட்டாது. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவினால் 111 பள்ளிகள் மூடப்பட்டன. மூச்சுத் திணறியோர் பெருமளவில் அரசாங்க மருத்துவமனைகளுக்கே கொண்டுசெல்லப்பட்டனர். கோரிக்கை எழாத நோய் காப்புறுதி ஏட்டில் இடம்பெறுவதில்லை. தொழிற்சாலை விபத்துகளோ பெரும்பாலும் சொக்சோவின் பதிவில் அடங்குவன. சுகாதார அமைச்சுக்கும் சொக்சோவுக்கும் ஆய்வாளர் தனித்தனியே விண்ணப்பித்தாக வேண்டும்.