பொம்மரின் வயிற்றுக்குள் ஒரு பூச்சு: புல்மோட்டை மணலும் கணினித் தேடலும்

சத்தத்தை வைத்தே எந்த விமானம் என்று சொல்லப் பழகிய சனம் நாங்கள். கிபிர், பொம்மர், சகடை என்று யாழ்ப்பாணத்தில் பெயரும் வைத்திருந்தோம். அந்த என்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை.

இன்றைய ஜெற் என்ஜினுக்குள் எரியும் வாயு 1,500 பாகை செல்சியசைத் தாண்டும். உள்ளே சுழலும் நிக்கல் கலப்புலோக இறகுகள் அதற்கு முன்னரே உருகிவிடக்கூடியவை. இறகின் உட்துளைகளில் ஓடும் காற்றும், மேலே கால் மில்லிமீற்றர் அளவு தடிப்பில் பூசிய செரமிக் படலமுந்தான் அவற்றைக் காக்கின்றன. படலம் பெரும்பாலும் சிர்க்கோனியா. தனிச் சிர்க்கோனியா 1,170 பாகையளவில் பளிங்குருவும் கனவளவும் மாறி வெடித்துவிடும். அதனால் 7 – 8 வீதம் இத்திரியம் ஒக்சைட்டு சேர்க்கிறார்கள். 1,200 பாகைக்கு மேல் நீண்டநேரம் நின்றால் அதுவும் தளரும்.

சிர்க்கோனியாவின் மூலப்பொருளான சிர்க்கோன், புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைலோடு கலந்து கிடக்கிறது. அரசின் லங்கா மினரல் சாண்ட்ஸ் நிறுவனம் அதைப் பிரித்து ஏற்றுமதி செய்கிறது. (உலகில் சிர்க்கோன் அதிகம் போவது தரை ரைல்ஸ் போன்ற செரமிக் பொருட்களுக்கே, என்ஜினுக்குப் போவது சொற்பம்.)

மணலை விட, சேர்க்கும் மூலகந்தான் சிக்கல். இத்திரியம் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு அருமண் மூலகங்களில் அதுவும் ஒன்று.

மாற்றுத் தேட வேண்டும். ஆனால் எப்படி? அருமண் மூலகங்கள் 17. அவற்றில் ஐந்தைத் தெரிந்தெடுத்தாலே 6,188 சேர்மானங்கள். விகிதங்களை மாற்றினால் கணக்கே இல்லை. எல்லாவற்றையும் சூளையில் சுட்டுப் பார்க்க முடியாது. இலத்திரன்களின் சக்தியைக் குவாண்டம் விதிகளின்படி கணித்து, கலவை பிரியாமல் நிற்குமா, உலோகத்தோடு ஒத்து விரியுமா, வெப்பத்தை மெதுவாகக் கடத்துமா என்று கணினி முன்கூட்டியே மதிப்பிடுகிறது. பழைய அளவீடுகளில் பயின்ற நிரல் மிச்சத்தை வடிகட்டும். விலையையும் ஒரு வடிகட்டியாக வைக்கலாம். அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் ஓபிலா, பிரசன்னா பாலச்சந்திரன் போன்றோர் அருமண் ஒக்சைட்டுக் கலவைகளை இப்படி ஆராய்கிறார்கள். கடைசித் தீர்ப்பு சூளையுடையதுதான்.

இத்தகைய ஆய்வுக்குப் பணம் போடுவோரில் இராணுவங்களும் உண்டு. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

ஆனால் மின்நிலையச் சுழலிகளுக்கும் இதே பூச்சு வேண்டும். அங்கே வேறொரு எதிரி: மலிவான உலை எண்ணெயில் உள்ள வனேடியம். அது படலத்திலிருந்து இத்திரியத்தைப் பிடுங்கிக்கொள்ள, சிர்க்கோனியா வெடித்து உதிர்கிறது. கெரவலப்பிட்டியின் 300 மெகாவாற் நிலையம் உலை எண்ணெயில் ஓடியிருக்கிறது. யாழ்ப்பாணம் இப்போது அதே தேசிய மின்வலையில்தான் இருக்கிறது. வனேடியத்தைத் தாங்கும் மலிவான பூச்சு ஒன்று கிடைத்தால், பராமரிப்புச் செலவில் முதலில் தெரியும்.