விரல் மீண்டும் மடங்குமா?

உங்கள் விரல்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் மடக்கிப் பாருங்கள். நான்கு விரல்களின் நுனிகளும் கட்டைவிரலின் அடிப்பக்கத்தையே நோக்குகின்றன அல்லவா? எலும்பு முறிந்த கையைச் சோதிக்கும் மருத்துவரும் இதைக் கவனிப்பார்.

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. செம்மண்டலம் சாலையில் சைக்கிளிலிருந்து விழுபவர் கையை ஊன்றினாலும், கடலூர்த் துறைமுகத்தில் மீன்பெட்டி கைமேல் விழுந்தாலும் இவற்றுள் ஒன்று முறியலாம். உள்ளங்கை எலும்பு வெறும் 5 பாகை முறுக்கிக்கொண்டு சேர்ந்தால்கூட, விரலை மடக்கும்போது அதன் நுனி சுமார் ஒன்றரைச் சென்டிமீட்டர் விலகி, பக்கத்து விரல்மேல் ஏறிவிடும். எலும்பு சேர்ந்தும் பயன் என்ன? வலைக் கயிற்றை இறுகப் பற்ற முடியாதே!

விலகாத முறிவுகள் பலவற்றுக்குக் கட்டே போதும். விலகியோ முறுக்கியோ இருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். ஜெர்மானிய மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னர் 1909-இல் அறிமுகப்படுத்திய எஃகுக் கம்பி இன்றும் இதற்குப் பயன்படுகிறது. சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியை, எக்ஸ்-கதிர்த் திரையில் பார்த்தவாறே எலும்புக்குள் செலுத்தித் துண்டுகளைப் பொருத்துகிறார்கள். பெரும்பாலும் 3, 4 வாரங்களில் அதை உருவிவிடலாம். சில முறிவுகளுக்குச் சிறு தகடும் திருகாணிகளும் வேண்டும்.

கட்டு அதிக நாள் இருந்தால் நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. விரல்களை அசைக்கும் தசைநாண்கள் எலும்பை ஒட்டியே வழுக்கிச் செல்கின்றன. அசைவின்றி நெடுநாள் கிடந்தால், காயம் ஆறும்போது உண்டாகும் தழும்புத் திசு அவற்றை எலும்போடு ஒட்டவைத்துவிடும், மூட்டுகளும் இறுகிவிடும். எனவே எலும்பு உறுதியாகப் பொருத்தப்பட்டதும், மருத்துவர் சொல்லும் நாளிலிருந்தே பயிற்சி தொடங்குகிறது. வலிக்கு அஞ்சிப் பயிற்சியைக் கைவிட்டவரின் விரல், எலும்பு நன்றாகக் கூடியும் மடங்காமல் போகலாம்.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவை 1971-இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கினார். அங்கே வளர்ந்த கை ஆராய்ச்சி, மறுவாழ்வு நிலையத்தின் பெயரிலேயே 'மறுவாழ்வு' என்ற சொல் இருப்பதைப் பாருங்கள். மீண்டும் வேலை செய்யும் கைதான் குணமடைந்த கை.

யாருக்காவது கையில் அடிபட்டால், வீக்கம் பெருகும் முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்திப் பிடித்து, தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கட்டுப் பிரித்த பிறகு, அவர் அன்றாடப் பயிற்சியை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.