கணவாய் ஏறும் முன் கையெழுத்தைக் கவனியுங்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் ‘லடாக் பைக் ட்ரிப்’ விளம்பரங்கள் கைப்பேசியை நிறைத்துவிடும். மணாலியில் தொடங்கி சர்ச்சு, லே, கர்துங் லா, நுப்ரா, பாங்காங் ஏரி என்று ஒரு வாரத்துத் திட்டம். புல்லட் வாடகை, பெட்ரோல், தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டி, பின்னால் வரும் பேக்கப் வண்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. சென்னையிலும் கோவையிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் வருடத்து விடுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள்.

முன்பணம் கட்டியதும் ஒரு படிவம் வரும். அதை முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுபவர்கள் குறைவு. மலையில் ஒன்று நேர்ந்துவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, பைக் சேதம் யார் தலையில் விழும், பாதியில் திரும்பினால் பணம் கிடைக்குமா என்ற கேள்விகளெல்லாம் அந்தக் காகிதத்தில் வந்துதான் நிற்கும். அதில் என்ன எழுதியிருந்தாலும் பறிக்க முடியாத சில உரிமைகளைச் சட்டம் தந்திருக்கிறது. அவற்றைத் திரும்பி வந்தபின் தேடுவதைவிடக் கிளம்பும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

படுக்கும் உயரம் எவ்வளவு?

கர்துங் லா உச்சியில் படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. அங்குள்ள பலகை 17,982 அடி என்கிறது. நவீன அளவீடுகளின்படி அது 17,582 அடி, அதாவது 5,359 மீட்டர். எந்தக் கணக்கை எடுத்தாலும், அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோர ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஆனாலும் கணவாயைக் கடக்கும் அந்த அரை மணி நேரத்தைவிட, இரவு எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பதே உடம்பை அதிகம் பாதிக்கிறது.

3,000 மீட்டரைத் தாண்டியபின் படுக்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. இதைக் கையில் வைத்துக்கொண்டு பயணத் திட்டத்தைப் பாருங்கள். மணாலி 2,050 மீட்டர். சர்ச்சு ஏறக்குறைய 4,290 மீட்டர். காலையில் மணாலியில் புறப்பட்டு இரவு சர்ச்சு கூடாரத்தில் படுக்க வைக்கும் திட்டம் என்றால், ஒரே பகலில் 2,200 மீட்டருக்கு மேல் ஏற்றம்.

2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்தபின் மணாலி–லே தூரம் 46 கி.மீ. குறைந்தது, ரோதங் கணவாய் ஏற்றத்தில் கழிந்த மணிக்கணக்கான நேரமும் மிச்சமானது. மிச்சமான நேரத்தை ஓய்வுக்குத் தராமல், அதே நாளில் இன்னும் மேலே ஏறுவதற்குப் பயன்படுத்தினால் ஆபத்துதான் கூடும். வழியில் உள்ள கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவு தங்கும் திட்டம் உடம்புக்கு அவகாசம் தரும். ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாகப் போவது இன்னும் நல்லது. அந்த வழியில் ஜோஜி லா, ஃபோட்டு லா போன்ற கணவாய்களைக் கடந்தாலும் படுக்கும் உயரம் 1,585, 2,676, 3,500 மீட்டர் என்று படிப்படியாகத்தான் ஏறுகிறது. விமானத்தில் நேரே லேயில் இறங்குபவர்கள் குறைந்தது 48 மணி நேரமாவது ஊருக்குள்ளேயே ஓய்வெடுக்க வேண்டும். இறங்கிய மறுநாளே கர்துங் லா என்று போட்டிருக்கும் திட்டத்தை ஒதுக்கிவிடலாம்.

இள வயதும் உடற்பயிற்சியும் இதில் காப்பாற்றுவதில்லை. 1962 சீனப் போர்க் காலத்தில் சமவெளியிலிருந்து இந்திய வீரர்கள் அவசரமாக மலை உயரங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய்க்கு ஆளான 1,925 வீரர்களை ஆராய்ந்து, இந்தர் சிங் தலைமையிலான இந்திய மருத்துவர்கள் 1969-ல் வெளியிட்ட கட்டுரை இன்றும் இத்துறையின் அடிப்படை ஆய்வுகளில் ஒன்று. நோய்க்கு ஆளானவர்கள் எல்லோரும் பயிற்சி பெற்ற படைவீரர்கள். 2024-லும் தனியாக பைக்கில் லே போன இருபதுகளில் இருந்த ஓர் இளைஞர் மலைநோயால் இறந்தார். தலைவலிக்கிறது என்று வீட்டுக்குப் போனில் சொன்னதுதான் தொடக்கம்.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, களைப்பு, தலைச்சுற்றல் சேர்ந்தால் மலைநோய் என்றே எடுத்துக்கொண்டு, அது தணியும்வரை ஒரு அடிகூட மேலே ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல், உதடு நீலம் பாரிப்பது ஆகியவை நுரையீரலில் நீர் கோத்ததன் அறிகுறிகள். பேச்சுக் குழறினாலோ, குதிகாலும் விரலும் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தடுமாறினாலோ மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். இந்த இரண்டிலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் கொடுத்து, உடனே கீழே இறக்க வேண்டும். கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் கேன் சில நிமிடங்களுக்குத்தான் வரும். மலைநோயைத் தடுக்க எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் அந்த உயரத்தில் மூச்சையே அடக்கிவிடக்கூடியவை.

நம்பர் பிளேட்டில் தொடங்குங்கள்

வாடகைக்கு விடும் பைக்கின் நம்பர் பிளேட் கருப்பாகவும் எழுத்து மஞ்சளாகவும் இருக்க வேண்டும். 1997-ஆம் ஆண்டின் மோட்டார் சைக்கிள் வாடகைத் திட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவர்தான் இப்படி வாடகைக்கு விடலாம். வெள்ளைப் பிளேட்டில் கருப்பு எழுத்து இருந்தால் அது சொந்தப் பயன்பாட்டுக்கான வண்டி. அதை வாடகைக்கு விட்டு விபத்து நேர்ந்தால், பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க வாய்ப்புண்டு.

பிளேட் சரியாக இருந்தாலும் ஓட்டுபவருக்கு இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. வண்டிக் காப்பீட்டோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, வண்டியின் பதிவு பெற்ற உரிமையாளருக்கானது. வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர் உரிமையாளர் அல்ல. கர்நாடகத்தில் ஒருவர் இன்னொருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கி ஓட்டிச் சென்று, முன்னால் போன மாட்டுவண்டியில் மோதி இறந்தார். 2009-ல் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், வண்டியை வாங்கி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார், ஆகவே யார் தவறு என்று நிரூபிக்காமலே இழப்பீடு பெறும் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவின்கீழ் அவர் குடும்பம் கேட்க முடியாது என்றது. 2020-ல் வந்த இன்னொரு வழக்கிலும் நீதிமன்றம் இதையே உறுதிசெய்தது. எதிர்வண்டியின் தவறு இருந்தால் அந்த வண்டியின் காப்பீட்டில் கேட்கலாம். மண் சறுக்கித் தானே விழுந்தால் கைகொடுப்பது ஓட்டுபவர் தன் பெயரில் எடுத்த விபத்துக் காப்பீடும் மருத்துவக் காப்பீடும்தான்.

அவற்றிலும் விலக்குகளைப் படிக்க வேண்டும். சாகச விளையாட்டுக்கு இல்லை, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் இல்லை, மது அருந்தியிருந்தால் இல்லை என்ற வரிகள் பல பாலிசிகளில் உண்டு. ‘5,000 மீட்டருக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் இந்தக் காப்பு செல்லுமா?’ என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

வண்டியை வாங்கும்போது அவசரப்படாதீர்கள். டயர் தேய்மானம், பிரேக், கிளட்ச், செயின், ஹெட்லைட், ஆயில் கசிவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, டேங்கில் உள்ள கீறல்வரை தேதியோடு வீடியோ எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது பழைய நசுங்கலுக்கு உங்களிடம் பணம் பிடித்தால் அந்த வீடியோதான் சாட்சி. அசல் ஓட்டுநர் உரிமத்தை அடமானமாகக் கொடுக்காதீர்கள். போலீஸ் கேட்டால் காட்ட வேண்டியவர் நீங்கள். வெளியூர் வாடகை பைக்குகளில் பாங்காங், நுப்ரா பக்கம் சுற்றுவதற்கு லே வாடகை பைக் சங்கத்தினர் எதிர்ப்புத் தெரிவித்து வழிமறிப்பதும் உண்டு. மணாலியில் எடுத்த வண்டி லேக்கு அப்பால் ஓடுமா, ஓடாவிட்டால் மாற்று வண்டியின் செலவு யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டாலும் போகாத உரிமை

‘என்ன நேர்ந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல’ என்ற வரி அநேகமாக எல்லாப் படிவங்களிலும் உண்டு. மலைச்சாலையில் இயல்பாக உள்ள ஆபத்தை நீங்கள் அறிந்தே ஏற்கிறீர்கள் என்பதுவரைதான் அதற்கு அர்த்தம். தேய்ந்த பிரேக்கோடு வண்டி கொடுத்தது, சொன்ன பேக்கப் வண்டியை அனுப்பாதது, மூச்சுத் திணறியவரை ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்று மேலே கூட்டிப்போனது ஆகியவை மலையின் ஆபத்துகள் அல்ல. பணம் வாங்கியவரின் கவனக்குறைவு. நீதிமன்றம் போகும் உரிமையை முழுதாகத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு சொல்கிறது.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்னும் தெளிவானது. தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதன்படி சேவைக் குறைபாடு. பில் தர மறுப்பதும், குறைபாடுள்ள சேவைக்கான பணத்தை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தராததும் நியாயமற்ற வணிக நடைமுறை. அளவுக்கு மீறிய டெபாசிட், இழப்புக்குப் பொருந்தாத அபராதம், தக்க காரணமின்றி ஒருதலையாக ரத்து செய்யும் அதிகாரம் ஆகியவை கொண்ட ஒப்பந்தம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’. அதை எதிர்த்து மாநில நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.

வானிலை யார் கையிலும் இல்லை. 2018 செப்டம்பர் கடைசியில் ஹிமாசலின் லாஹுல் பகுதியில் எதிர்பாராமல் கொட்டிய பனியில் நூற்றுக்கணக்கானோர் சிக்கி, விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து மீட்டன. 2023 ஜூலையில் சந்திரதால் ஏரிப் பக்கம் ஏறக்குறைய 290 பேர் நாட்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். பனியாலோ நிலச்சரிவாலோ பாதை மூடினால் அதற்கு ஏற்பாட்டாளரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தங்காத அறைக்கும் ஓடாத வண்டிக்கும் வாங்கிய பணத்தில் எவ்வளவு திரும்பும், சிக்கிக்கொண்ட நாட்களின் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுதித் தரும்படி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நேர்ந்துவிட்டால்

பிற மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. குழுவில் சிலரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்க வேண்டும். அவசர உதவிக்கு எண் 112. சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் ஏழு நாள்வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். போலீசில் பதிவு, இடத்தின் படங்கள், மருத்துவச் சீட்டுகள் மூன்றையும் விட்டுவிடக் கூடாது.

எதிர்வண்டி மீது இழப்பீடு கேட்க லடாக்குக்கோ ஹிமாசலுக்கோ அலைய வேண்டியதில்லை. மனுதாரர் வசிக்கும் ஊரின் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம். மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் இதற்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. அதற்குள் தாக்கல் செய்துவிடுங்கள். காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுத்தால் முதலில் அதனிடமே எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ, 50 லட்சம் ரூபாய்வரையான இழப்பீட்டுக்குக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னையிலும் அவரது அலுவலகம் உண்டு. கட்டணம் கிடையாது.

ஏற்பாட்டாளர் மீதான புகாருக்கு முதல் படி, பணம் கட்டிய ரசீதும் ஆதாரமும் இணைத்து ஒரு கடிதம். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் மணாலியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டுகள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

ஒவ்வொரு இரவும் எந்த ஊரில், எத்தனை மீட்டரில் தங்கல்? எத்தனை பைக்குக்கு ஒரு பேக்கப் வண்டி, அதில் ஆக்சிஜன் சிலிண்டரும் மெக்கானிக்கும் உண்டா? குழுவின் கடைசியில் யார் வருவார்கள்? ஒருவருக்கு முடியாமல் போனால் அவரைக் கீழே இறக்கிக் கூட்டிப்போவது யார், எந்த வண்டியில்? சுற்றுலாத் துறைப் பதிவு எண் என்ன? இந்தக் கேள்விகளுக்குத் தெளிவாக எழுதித் தருபவரிடம் போங்கள்; வாய்வார்த்தையாக ‘எல்லாம் பார்த்துக்கலாம் ப்ரோ’ என்பவரைத் தவிர்த்துவிடுங்கள்.

பயணியின் கடமையும் உண்டு. இதயம், நுரையீரல் கோளாறு, ரத்தசோகை, முன்பு வந்த மலைநோய் எதையும் மறைக்கக் கூடாது. மறைத்தால் உயிருக்கும் ஆபத்து, இழப்பீட்டுக்கும் ஆபத்து. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் வேண்டும். மதியத்துக்கு மேல் பனி உருகி ஓடைகளில் வெள்ளம் ஏறும் என்பதால், வழிகாட்டி அதிகாலையில் கிளம்பச் சொன்னால் கிளம்ப வேண்டும். உடம்பு ஒத்துழைக்காத நாளில், குழு முழுவதும் கிளம்பினாலும், ‘நான் இன்று ஏறவில்லை’ என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னவரைத் தனியே விட்டுவிடாமல் மருத்துவமனைவரை கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்ற உறுதிமொழியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, அதன்பிறகு முன்பணம் கட்டுங்கள்.