எந்த மரத்தின் கிளை என்று கடையில் சொல்லுங்கள்

ரம்புத்தான் காய்ப்பு முடிந்து கிளைகளைக் கழித்துவிட்டால், மலாக்காவின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்து வீடுகளின் பின்புறம் ஆளுயரக் குவியல் சேர்ந்துவிடும். முன்பெல்லாம் சாயங்காலம் ஒரு தீக்குச்சியோடு வேலை முடிந்தது. இன்று அது வழக்கில் கொண்டுபோய் விடும். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. 2024 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. சில விதிவிலக்குகள் இருந்தாலும் புகைமூட்டக் காலத்தில் அவற்றை நம்பி இறங்காதீர்கள்.

பெரிய தோட்டங்கள் எரிப்பதை விட்டு வெகுகாலமாகிறது. கோல்டன் ஹோப் நிறுவனம் பழைய செம்பனையைச் சாய்த்து, துண்டு துண்டாகச் சீவி, மண்ணிலேயே மட்கவிடும் முறையைக் கொண்டுவந்தது. அதற்காக 1992இல் ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘குளோபல் 500’ விருதும் பெற்றது. அதே வேலையை வீட்டளவில் செய்யத்தான் கிளை அரைக்கும் மெஷினைத் தேடுகிறோம்.

வாங்கும் முன் ஒன்றை யோசியுங்கள். மலாக்காவில் வீட்டுக் குப்பையோடு தோட்டக் கழிவையும் வாரம் ஒருமுறை எடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. தாமானில் குடியிருந்து, எப்போதாவது நாலு கிளை வெட்டுகிறவர் அவற்றைக் கட்டி வாசலில் வைத்தாலே போதும். வண்டி வராத இடத்தில் இருப்பவருக்கும், ஏழெட்டுப் பழமரம் வைத்திருப்பவருக்கும்தான் மெஷின் வேண்டும்.

பெட்டியின் மேல் ‘40 மில்லிமீட்டர்’, ‘45 மில்லிமீட்டர்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பெரும்பாலோர் அதைப் பார்த்தே காசைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த அளவு நேரான, இளங்கிளைக்குப் பொருந்தும். நன்றாக முற்றி உலர்ந்த மாங்கிளையில் பாதியளவே மெஷினைத் திணறடித்துவிடும். வேகமாகச் சுழலும் கத்தி வைத்த மெஷின் விலை குறைவு. இலைக்கும் சிம்புக்கும் நல்லது. ஆனால் சத்தம் காதைப் பிளக்கும், கத்தியும் சீக்கிரம் மழுங்கும். மெதுவாகச் சுழலும் பல்லுருளை மெஷின் கிளையைத் தானே உள்ளிழுத்து ஒரு தகட்டோடு சேர்த்து நசுக்கும். அந்தத் தகட்டை நெருக்கி வைக்காவிட்டால் துண்டுகள் பட்டையோடு தொங்கிச் சங்கிலி போல வரும். பச்சை இலையை மட்டும் போட்டாலோ கூழாகி அடைத்துக்கொள்ளும். வாழைத்தண்டையும் தென்னை, செம்பனை மட்டையையும் வீட்டு மெஷினில் போடவே கூடாது. நார் அச்சில் சுற்றிக்கொண்டால் மோட்டார் புகைந்துவிடும். மட்டைதான் உங்கள் கழிவென்றால் பெட்ரோல் எஞ்சின் உள்ள பெரிய மெஷினை வாடகைக்கு எடுப்பது மேல்.

நம் வீட்டு 13 ஆம்பியர் பிளக் ஏறக்குறைய 3,000 வாட் வரைதான் தாங்கும். மெல்லிய நீட்டிப்பு வயரைச் சுருளாகவே விட்டு ஓட்டினால் வயர் சூடேறி உருகும். பிளக்கில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பானோடு இணையுங்கள். அடைத்துக்கொண்டால் பிளக்கைக் கழற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் கத்தி சில விநாடி சுழலும். விரல் போவது அந்தச் சில விநாடியில்தான். துப்பட்டா, தொளதொளத்த கைச்சட்டை, வளையல் எதுவும் அருகில் வரக்கூடாது.

தோட்டத்திலோ நிலப்பராமரிப்புக் குத்தகையிலோ கூலிக்கு இந்த மெஷினை ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்புத் தகடு கழன்ற மெஷினில் வேலை செய்ய மறுக்கத் தயங்காதீர்கள். உடனடி ஆபத்து இருப்பதாக நம்பக் காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி சரிசெய்யவில்லை என்றால் அந்த வேலையை விட்டு விலக உங்களுக்கு உரிமை உண்டு. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் அந்த உரிமையைத் தருகிறது. காயம் பட்டால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு 48 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது முதலாளியின் கடமை.

இனி உங்கள் பணத்துக்கு வருவோம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நமக்கு மிகவும் உதவக்கூடிய பிரிவு 33ஆவது. ‘இந்த வேலைக்குத்தான் வேண்டும்’ என்று நீங்கள் சொல்லி, கடைக்காரரின் பேச்சை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு உதவியாக வேண்டும். ஆகவே “நான்கு சென்டிமீட்டர் ரம்புத்தான் கிளை அரைக்க” என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வாட்ஸப்பில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். உதிரிபாகம் கிடைக்குமா என்றும் அப்போதே கேளுங்கள். பழுதுபார்க்கும் வசதியும் உதிரிபாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கச் செய்வது தயாரிப்பாளர், விற்பனையாளர் இருவரின் பொறுப்பு. கிடைக்காது என்று முன்கூட்டியே சொல்லி விற்றிருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அட்டை இந்த உரிமைகளைப் பறிக்க முடியாது.

கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட்; 50,000 ரிங்கிட் வரை கோரலாம்; வழக்கறிஞர் வேண்டியதில்லை. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாமல் இருப்பது குற்றம். தொழிலுக்காக வாங்கியவரிடம் மட்டும் ‘நீங்கள் பயனீட்டாளரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு. அவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழியை நாடலாம்.

நடுவர் மன்றத்துக்குப் போக 3 ஆண்டு அவகாசம் உண்டு. கடையில் தரும் வழவழப்பான தாள் ரசீதோ சில மாதங்களிலேயே எழுத்து மங்கி வெள்ளையாகிவிடும். வாங்கிய அன்றே அதைக் கைப்பேசியில் படம் எடுத்து, மெஷினின் வரிசை எண்ணையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.