ராஜகுமாரியின் விவாகமும் மகாத்மாவின் நூலும்

1947-ம் வருஷம் நவம்பர் 20-ந் தேதி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் எலிஸபெத் ராஜகுமாரிக்கும் பிலிப் மவுண்ட்பேட்டனுக்கும் விவாகம் நடந்தேறியது. யுத்தத்தில் வென்ற பிரிட்டனில் அன்று துணிக்கு ரேஷன். மணப்பெண்ணின் உடைக்கும் கூப்பன் வேண்டியிருந்தது. லங்காஷயர் துணியை நம் தலையில் கட்டிய தேசத்திற்கு இக்கதி! ஆயினும் அரண்மனையும் சட்டத்திற்கு உட்பட்டதை நாம் மெச்சுகிறோம். (அவ்வுடையில் பதினாயிரம் முத்துக்கள் பதிக்க அச்சட்டம் குறுக்கே நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.)

மாப்பிள்ளையின் மாமனாகிய நமது கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன் பிரபு, காஷ்மீரில் போர் நடக்கையிலேயே லண்டன் சென்றார். அவர் ஸ்தானத்தில் அமர்ந்தவர் ராஜாஜி. அம்மன்னரின் சர்க்கார் முன்பு சிறையிட்ட அதே ராஜாஜி!

இந்தியாவுடன் சேராது நின்ற ஹைதராபாத் நிஜாம் வைரத் தலையணியும் மாலையும் அளித்தார். காந்தியடிகளோ தாம் நூற்ற நூலாலான சிறு துணியொன்றை அனுப்பினார். அதில் 'ஜெய் ஹிந்த்' என்ற சொற்கள் பின்னப்பட்டிருந்தன. சத்தியாக்கிரகி சிம்மாசனத்திற்குச் சீர் அனுப்பலாமா என்று நம் தொண்டர் சிலர் கேட்கக்கூடும். அது சிம்மாசனத்திற்கன்று, ஒரு மணப்பெண்ணுக்கு என்பதே நம் கருத்து. அதிகாரத்தை எதிர்த்தவருக்கு அவ்வீட்டுப் பெண்ணிடம் என்ன பகை? பாட்டியார் மேரி ராணி அதை மகாத்மாவின் அரைத்துணியென எண்ணி முகஞ்சுளித்தார் என்றும், பிலிப் மகாத்மாவுக்காகப் பரிந்து பேசினார் என்றும் சொல்வார்கள். எலிஸபெத் ராணி அதைப் பேணி வைத்திருந்து, எழுபது ஆண்டளவில் இந்தியப் பிரதமர் ஒருவருக்கு எடுத்துக் காட்டினார்.